கல்யாண விறகு: காயவிட்டுப் பிளப்பதா, பிளந்து காயவிடுவதா?

கேள்வி: வீட்டுக் கல்யாணச் சமையலுக்கு ஒரு டன் கலப்பு விறகு பச்சையாக இறக்கியிருக்கிறோம். இன்னும் 2 மாதம் இருக்கிறது. காய்ந்ததும் பிளக்கலாம் என்று உருட்டிப் போட்டு வைத்திருக்கிறோம். சோதனைக்குப் பிளந்து பார்த்ததில் இரண்டு கட்டைகள் கோடாலிக்கு மசியவே இல்லை. எது என்ன மரம், எதை எப்படிப் பிளப்பது?

பதில்: காயட்டும் என்று காத்திருப்பதுதான் தவறு. இந்த வாரமே பிளந்துவிடுங்கள். பட்டையோடு உருண்டையாகக் கிடக்கும் கட்டையில் ஈரம் பெரும்பாலும் இரண்டு வெட்டுமுகங்கள் வழியாகத்தான் வெளியேறும். 2 மாதம் கழித்தும் நடுக்கட்டை ஈரமாகவே இருக்கும். வெளிப்பக்கம் இறுகிவிடுவதால் பிளக்கவும் இரட்டிப்பு வேலை.

முதலில் மரத்தைப் பிரியுங்கள். பட்டை, வெட்டுமுகம், கனம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கம்பம்போல் நேராக, பழுப்புப் பட்டை நீள நீளமாக உரிந்தால் சவுக்கு. கோணல்மாணலாக, வெட்டுமுகத்தில் ஓரமாக மெல்லிய மஞ்சள் வெளிமரமும் உள்ளே செம்பழுப்பு வைரமும் (முற்றிய நடுமரம்) தெரிந்தால் சீமைக்கருவேலம். பட்டை கறுத்து, நெடுக்குவாட்டில் ஆழமாக வெடித்திருந்தால் நாட்டுக் கருவேலம். வேம்பின் வைரமும் சிவப்புதான். ஆனால் உள்பட்டையின் கசப்பு காட்டிக்கொடுத்துவிடும். வெளிறிய நிறம், கையில் தூக்கினால் மற்றவற்றைவிட லேசு என்றால் மா. அது சீக்கிரம் எரிந்து தீரும், சீக்கிரம் உளுத்தும் போகும். அடுப்பு மூட்ட முதலில் செலவழியுங்கள்.

உங்கள் கோடாலிக்கு மசியாதவை அநேகமாகப் புளியாக இருக்கும். வெட்டுமுகத்தைப் பாருங்கள்: வெளிமஞ்சள் அகலமாகவும், நடுவில் ஊதா கலந்த கரும்பழுப்பு வைரம் சின்னதாக, ஒழுங்கற்ற வடிவிலும் இருக்கும். புளியில் நார் நேராக ஓடாது. ஒரு அடுக்கு இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது வலப்பக்கம் சாயும். அதனால் வெடிப்பு பாதியில் நின்றுவிடும். நட்டநடுவில் அடிப்பது வீண். ஓரத்திலிருந்து 2 அங்குலம் உள்ளே அடித்துச் சிராய் சிராயாகச் சுற்றி எடுத்துக்கொண்டே வாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் இரும்பு ஆப்பு இரண்டு வேண்டும். இருக்கும் வெடிப்பில், விளிம்பை ஒட்டி முதல் ஆப்பை இறக்குங்கள். வெடிப்பு பக்கவாட்டில் இறங்கியதும் அங்கே இரண்டாவதைக் கொடுத்தால் முதலாவது தானே இளகிவிடும். கணுவும் கவையும் உள்ள துண்டுகளோடு மல்லுக்கட்ட வேண்டாம்; ரம்பத்தால் அறுத்து, அப்படியே பெரிய அடுப்புக்கு ஒதுக்குங்கள்.

சவுக்குக்கு இவ்வளவு பாடு கிடையாது. பச்சையில் வெட்டுமுக வெடிப்பைப் பார்த்து ஒரே போடு போட்டால் இரண்டாகும். கருவேலமும் சீமைக்கருவேலமும் இடைப்பட்டவை: நேரான துண்டு சுலபம், முறுகியது சண்டை போடும். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறும். கனமான பூட்ஸ் இல்லாமல் அந்தக் குவியலில் கால் வைக்காதீர்கள்.

கட்டை ஒன்றரை அடிக்கு மேல் நீளம் இருந்தால் முதலில் அறுத்துக் குறையுங்கள். மரம் வெட்டும் மெல்லிய அலகுக் கோடாலி கட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். பிளக்க, கன்னம் (அலகின் இரு பக்கங்கள்) பருத்த 2.5 முதல் 3 கிலோ கோடாலி வேண்டும். முழங்காலுக்குக் கீழ் உயரமுள்ள அகன்ற அடிக்கட்டை ஒன்றின் மேல், உங்களுக்கு எதிர்ப்பக்க ஓரத்தையொட்டிக் கட்டையை நிறுத்தி அடியுங்கள். குறி தப்பினாலும் அலகு அடிக்கட்டையில்தான் இறங்கும், காலில் அல்ல. மாட்டிய கோடாலியின் முதுகில் சம்மட்டியால் அடிப்பது பலருக்குப் பழக்கம். அப்படி அடித்தால் காம்பு நுழையும் கண் விரிந்துபோகும், இரும்புச் சில்லும் தெறிக்கும். ஆப்பின் தலை காளான்போல் மடங்கியிருந்தால் தேய்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். ஆடும் காம்பைத் தண்ணீரில் ஊறவைப்பதும் ஒருநாள் கூத்துதான்: காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். மரஆப்பு இறக்கி இறுக்குங்கள்.

கல்யாண அடுப்புக்கு மணிக்கட்டுப் பருமன் போதும். கீழே இரண்டு கட்டை போட்டு, மண்ணில் படாமல், காற்றுப் புகும்படி அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம். பக்கங்களைத் தார்ப்பாயால் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும்.

காய்ந்ததா என்று அறியத் தராசு போதும். நடு அடுக்கிலிருந்து 3 துண்டுகளுக்கு அடையாளமிட்டு வாரம் ஒருமுறை எடை பாருங்கள். குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. 45 சதவீத ஈரத்தோடு வந்த 1,000 கிலோ, 20 சதவீதத்துக்கு இறங்கும்போது சுமார் 690 கிலோதான் நிற்கும். மீதி 310 கிலோவும் நீங்கள் விறகு விலைக்கு வாங்கிய தண்ணீர். ஆகவே பந்திக் கணக்கை ஒரு டன்னை வைத்துப் போடாதீர்கள். சமையல்காரர் கேட்பது காய்ந்த விறகின் எடையா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கலப்பு லோடில் அரளிக் கிளை கிடந்தால் பொறுக்கி எறியுங்கள். அதன் புகையும் நஞ்சு.