500 பேர் இல்லாத ஊருக்கு பஸ் வருமா?

கேள்வி: குடவாசல் பக்கம் எங்கள் ஊர். 110 வீடுதான். பஸ் ஏற வேண்டுமானால் ஆற்றங்கரையில் 3 கிலோமீட்டர் நடக்க வேண்டும். மனு கொடுத்தால், "ஊரில் 500 பேரே இல்லை, எப்படி பஸ் விடுவது?" என்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. அந்த 500 பேர் கணக்கு பஸ்ஸுக்கானதே இல்லை. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளியில் எந்தக் குடியிருப்புக்குச் சாலை போடலாம் என்பதற்கு வைத்த அளவு அது. அதிலும்கூட 500 மீட்டருக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்தச் 'சேர்த்து எண்ணும்' வழியைத்தான்.

நம் டெல்டாவில் ஊர்கள் ஆற்றின் கரையோடு கோர்த்தாற்போல் இருக்கும். உங்கள் ஊர் முடிந்து நாலு வயல் தாண்டினால் அடுத்த ஊர். ஆனால் அது வேறு ஊராட்சியில் இருக்கும், மனுவும் தனியாகப் போகும். கரையில் இருக்கும் நாலைந்து ஊரும் ஒரே தடத்துக்கு ஒரே மனு கொடுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற கிராம சபை நாளில் எல்லா ஊராட்சியிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டால் அதற்கு எடை கூடும்.

மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பை நம்பி நிற்க வேண்டாம். அது வருவாய் கிராமத்துக்கான கணக்கு. குக்கிராமம் அதில் தனியாகத் தெரியாது. அடுத்த கணக்கெடுப்பு 2027இல். அதன் எண்கள் அதற்குப் பிறகுதான். அதுவரை நீங்களே எண்ணுங்கள். நான் உடனிருந்த ஓர் ஊரில், பள்ளி முடித்த இரண்டு பெண்கள் ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை முதல் ஒன்பது வரை மெயின் ரோட்டு நிறுத்தத்தில் நோட்டோடு உட்கார்ந்தார்கள். யார், எந்த ஊர், எங்கே போகிறார், அவ்வளவுதான் கேள்வி. பள்ளிப் பிள்ளைகள், நடவுக்குப் போகிறவர்கள், சர்க்கரை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரியவர்கள் என்று மூன்று பக்கம் நிறைந்தது. திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போன ஆண்கள் அந்தப் பட்டியலில் இல்லை. பஸ் தேவைப்படுகிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள். அந்த மூன்று பக்க நகலை மனுவோடு வைத்தோம். அதன் பிறகுதான் அதிகாரிகளின் பேச்சே மாறியது.

அடுத்து, எதைக் கேட்பது? புதுத் தடம் கேட்பதைவிட, பக்கத்தில் ஏற்கெனவே ஓடும் டவுன் பஸ் காலையும் மாலையும் ஒரு நடை உங்கள் கரை வழியாக வந்து திரும்பட்டும் என்று கேளுங்கள். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது பெரிய காசு. மனுவை அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளரிடம் கொடுங்கள். ஒரு நகல் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம்.

அது நடக்காவிட்டால் மினி பஸ். 2025இல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அதில் பெரும்பகுதி பஸ் வசதி இல்லாத வழியாக இருக்க வேண்டும். கரையோர ஊர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். தனியார் ஓட்டுவதால் பெண்களுக்கு இலவசம் கிடையாது என்பதை மட்டும் ஊரில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, பஸ் போகும் வழியை ஆய்வு செய்ய ஆள் வருமுன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவர் இடிந்திருக்கிறதா, பூவரசங்கிளை பஸ் கூரையில் இடிக்குமா, பஸ் திரும்ப இடம் எங்கே என்று நடந்து பாருங்கள். ஐப்பசி மழையில் கரையோர மண் எங்கே உள்வாங்கும் என்பது டிராக்டர் ஓட்டும் தம்பிகளுக்குத் தெரியும். அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். கரை நீர்வளத்துறைக்குச் சொந்தமானால் திரும்பும் இடத்துக்கு அவர்கள் அனுமதியும் வேண்டும். அந்தக் கடிதத்தை இப்போதே எழுதிவிடுங்கள்.