ஆரம்பக் கூட்டம் இல்லாமல் போட்ட திட்டம்: கேள்வி பதில்

(இலங்கை முழுவதையும் இயற்கை விவசாயத்துக்கு மாற்றுவதாகச் சொல்லி, 2021 மே 6ஆம் திகதி இரசாயனப் பசளைக்கும் பீடைகொல்லிகளுக்கும் இறக்குமதித் தடை வந்தது. நவம்பரில் நீங்கியது. அதைப் பற்றிய கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

ஐயா, இயற்கை விவசாயம் நல்லதுதானே? பிறகு ஏன் கமக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள்?

நல்லதுதான். கோட்டாபய ராஜபக்ஷவின் 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் 10 வருடத்தில் மாறுவோம் என்றுதான் இருந்தது. அதை ஒரே வர்த்தமானி அறிவித்தலில் (அரசிதழில்) முடிக்கப் பார்த்ததுதான் வினை. இரசாயனப் பசளையால் சிறுநீரக நோய் வருகிறது என்று காரணம் காட்டினார்கள். பசளை இறக்குமதிக்குக் கையில் டொலர் இல்லாததும் ஒரு காரணம். 1962இலிருந்து மானியப் பசளை கொடுத்துப் பழக்கியதும் அரசாங்கம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

மாட்டெரு, கூட்டெரு போட்டுச் சமாளித்திருக்கலாமே?

கணக்கைப் பாருங்கள். 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. சாதாரண கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை. அப்படியென்றால் ஒரு மூடைக்கு ஈடாக ஒன்றரை தொன்னுக்கு மேல் எரு வேண்டும். அதுவும் மெல்ல மெல்லத்தான் சத்தை விடும்; மூன்றரை மாத நெல் அதுவரை பொறுத்திருக்காது. நெல் 25 வீதம், தேயிலை 35 வீதம் குறையும் என்று விவசாயப் பொருளியலாளர் சங்கம் முன்கூட்டியே சொன்னது. 2020/21 பெரும்போகத்தில் (மழைக்காலப் பெரிய நெற்பருவம்) சுமார் 30 லட்சம் தொன் நெல். அடுத்த பெரும்போகத்தில் 20 லட்சத்துக்கும் கீழே.

சீனாவிலிருந்து சேதனப் பசளை (இயற்கை எரு) ஏற்றிய கப்பல் வந்ததே?

வந்தது, இறக்கவில்லை. மாதிரியில் தீங்கான பக்டீரியா இருப்பதாகச் சொல்லித் திருப்பினார்கள். பிறகு அந்தச் சீன நிறுவனத்துக்கு அறுபது லட்சத்துக்கு மேல் டொலர் கட்டினோம். பசளையும் இல்லை, காசும் இல்லை.

எல்லாரையும் கேட்டுத் திட்டம் போடுவது ஒரு நாட்டுக்குச் சாத்தியமா?

எங்கள் நாட்டில் இந்தக் கேள்வி வருவதே எனக்கு வேடிக்கை. ஒவ்வொரு போகத்துக்கும் முன் குளத்துக்குக் குளம் ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. அரசாங்க அதிபர் தரப்பு, நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல சேவை நிலையம், கமக்காரர் அமைப்புகள் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, விதைப்பை எப்போது முடிப்பது, கால்நடைகளை வயலிலிருந்து எப்போது அகற்றுவது, சிறுபோகமென்றால் (தண்ணீர் குறைந்த பருவம்) இருக்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர், எல்லாம் அங்கேதான் முடிவாகும். 1946 நீர்ப்பாசனச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. வழக்கம் அதைவிடப் பழையது. மதகு திறக்கிற நாளைக்கே கூட்டம் வைக்கிற நாடு, முழு நாட்டின் பசளையை நிறுத்த ஒரு கூட்டமும் வைக்கவில்லை. வைத்திருந்தால் முதல் வரிசையில் இருக்கிற கிழவர் ஒருவரே கேட்டிருப்பார்: “தம்பி, எரு எங்க கிடக்கு?”

அந்தக் கூட்டங்களில் சண்டைதானே நடக்கிறது? வாய்க்கால் தலைப்பில் காணி உள்ளவர்தான் பேசுகிறார்.

உண்மை. கடைவாய்க்கால்காரர், குத்தகைக்குச் செய்பவர், பெண்கள், இவர்களின் குரல் குறைவு. நான் போன கூட்டங்களில் நாற்பது ஆண்களுக்கு இரண்டு பெண்கள் இருந்தாலே அதிகம். களை பிடுங்கியது யார் என்று மட்டும் கேட்காதீர்கள். ஆனால் சண்டை போட்டு எடுத்த முடிவை மறுநாள் எல்லாரும் மதிப்பார்கள். எதிர்ப்பு அங்கேயே தீர்ந்துவிடும், தெருவுக்கு வராது.

இந்தியாவின் சிக்கிம் மாநிலம் முழுக்க சேதன விவசாயத்துக்கு மாறியது எப்படி?

ஆறுதலாகத்தான். 2003இல் சட்டசபையில் அறிவித்தார்கள், மானியத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள், 2016இல்தான் முழுமை என்று சொன்னார்கள். அது சின்ன மலை மாநிலம்; முதலிலேயே பசளைப் பாவனை குறைவு; அரிசி வெளியிலிருந்து வரும். அதை அப்படியே இங்கே பிரதி பண்ண முடியாது.

எனக்கு இரண்டு ஏக்கர் வயல். பசளையைக் குறைக்க ஆசை. எங்கே தொடங்க?

அரை ஏக்கரில் தொடங்குங்கள். மண்ணைப் பரிசோதியுங்கள். வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே போடுங்கள். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை நிற அட்டையை வைத்துப் பார்த்து, பச்சை குறைந்தால் மட்டும் யூரியா போடுங்கள். அப்புறம் அறுவடையில் அந்த அரை ஏக்கர் நெல்லையும் மீதி வயல் நெல்லையும் வேறுவேறாக எடை போட்டு எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியோடு அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்குப் போங்கள்.