பதில்: பெயிண்ட்பால் துப்பாக்கி வரும் ஸ்பானிஷ் காதல் படம்

பெயிண்ட்பால் துப்பாக்கி வரும் ஸ்பானிஷ் மொழிக் காதல் படம் எது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தேடுவது 'குளோரியா'தான். விவாகரத்தான, ஐம்பதைத் தாண்டிய பெண், நடன கிளப்பில் அறிமுகமாகி, மகள்கள் போன் அடித்ததும் ஓடிவிடும் ரொடோல்ஃபோ, கடைசியில் ரொடோல்ஃபோ வீட்டின் மேல் அவள் சுடும் பெயிண்ட்பால் (சாயம் நிரப்பிய குண்டு). சந்தேகமே இல்லை. 2013இல் வந்த சிலி நாட்டுப் படம். கதை சாந்தியாகோவில் நடக்கிறது. இயக்கம் செபாஸ்தியான் லெலியோ. குளோரியாவாக நடித்த பவுலினா கார்சியாவுக்கு பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. பாதி வசனத்தை முகமே பேசிவிடும்!

தேடும்போது ஜூலியன் மூர் நடித்த படம் வந்தால் குழம்ப வேண்டாம். அதே இயக்குநர் லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றி எடுத்த ஆங்கில வடிவம் அது. எனக்கு ஸ்பானிஷ்தான் ஒரு படி மேல்.

அப்புறம், அம்மாவோடு பார்க்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். படுக்கையறைக் காட்சிகளில் ஒளிவுமறைவே இருக்காது. ஒருமுறை தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.