சூப்பர் ஹீரோ படத்தை யாரிடம் கொடுப்பது? – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

'லோகா' பார்த்ததிலிருந்து ஒரே ஆற்றாமை. கள்ளியங்காட்டு நீலி நம்ம நாகர்கோவில் பக்கத்து யட்சி. அவளை மலையாளத்தில் எடுத்துப் பெரிய வெற்றியாக்கிவிட்டார்கள். தெலுங்கில் 'ஹனுமான்' வந்தது. தமிழில் ஒரு புது சூப்பர் ஹீரோ படம் எடுப்பதென்றால் பெரிய பட்ஜெட்டைச் சமாளித்த, கிராஃபிக்ஸ் தெரிந்த இயக்குநரிடம்தானே கொடுக்க வேண்டும்? நீங்கள் யாரைச் சொல்வீர்கள்? என் அக்கா மகன் குறும்படம் எடுக்கிறான். அவனும் இப்படி ஒரு கதையை வைத்துக்கொண்டு சென்னைக்குப் போகவா கொச்சிக்குப் போகவா என்று கேட்டபடி இருக்கிறான்.

எம்., பாறசாலை

அன்புள்ள எம்.,

நீலிக்காகச் சண்டை வேண்டாம். 1956 நவம்பர் வரைக்கும் நாகர்கோவிலும் உங்கள் பாறசாலையும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தானே, களியக்காவிளை செக்போஸ்ட் எல்லாம் யட்சிக்கு எங்கே தெரியப்போகிறது. லோகாவில் வில்லன் சாண்டி மாஸ்டர், இன்னொரு மலையாள சூப்பர் ஹீரோ படமான மின்னல் முரளியில் வில்லன் குரு சோமசுந்தரம், அடி வாங்குவதற்கு மட்டும் நம்ம ஆட்களைக் கூப்பிடுகிறார்கள் என்று வேண்டுமானால் சண்டை போடலாம்.

பெரிய பட்ஜெட் இயக்குநர் வேண்டும் என்று சொல்கிறீர்கள். நீங்கள் பொறாமைப்படும் படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். லோகாவுக்கு முன்னால் டொமினிக் அருண் இயக்கிய முழுநீளப் படம் 2017இல் வந்த தரங்கம் ஒன்றுதான். தயாரித்தது நம்ம தனுஷின் கம்பெனி, படம் ஓடவில்லை. மின்னல் முரளிக்கு முன்னால் பேசில் ஜோசப் எடுத்தது குஞ்ஞிராமாயணம், கோதா என்று இரண்டு ஊர்ச் சிரிப்புப் படங்கள். ஹாலிவுட்டிலும் இதே கதைதான், 2002இல் ஸ்பைடர்மேன் எடுத்த சாம் ரெய்மி குறைந்த செலவுப் பேய்ப்படத்தில் பேர் வாங்கியவர்.

கிராஃபிக்ஸையும் சண்டையையும் கூலிக்கு வாங்கலாம். மின்னல் முரளிக்குச் சண்டை அமைக்க விளாட் ரிம்பர்க்கை வெளிநாட்டிலிருந்து கூட்டிவந்தார்கள். அந்தப் படம் நடக்கும் குறுக்கன்மூலை என்ற ஊரை எந்த நாட்டிலிருந்து கூட்டிவருவது? இல்லாத ஊர்தான் அது, ஆனால் அங்கே யார் யாருக்குக் கடன் கொடுக்க வேண்டும், யார் வீட்டுப் பெண் யாரோடு ஓடிப்போனாள் என்பது வரை இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது. டீக்கடையில் வேலை பார்க்கும் வில்லன் ஷிபுவை ஊரே கிறுக்கன் என்று ஒதுக்கிவைத்திருக்கிறது, தான் காதலித்த உஷா என்றைக்காவது திரும்பி வருவாள் என்று அவன் வருஷக்கணக்காகக் காத்திருக்கிறான், அவள் மகளின் ஆபரேஷனுக்குப் பணம் வேண்டித்தான் பேங்கைக் கொள்ளையடிக்கிறான். கடைசியில் அவள் சம்மதிக்கும்போது குரு சோமசுந்தரத்தின் முகம் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தவிக்கிறதே, அந்த இடத்தில் கேமரா அவரை விட்டு நகராமல் நிற்கிறது பாருங்கள், அதற்கு அப்புறம் அவன் ஊரையே கொளுத்தினாலும் நமக்கு அவனை வெறுக்க முடிவதில்லை. நான் இயக்குநரைத் தேடினால் இதைத்தான் தேடுவேன். வில்லன் வீட்டுக்குள் போய் உட்காரத் தெரிந்தவர்.

சின்னப் படம் எடுத்தவரெல்லாம் தேறுவார் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஜோஷ் ட்ராங்க் 2012இல் குரோனிக்கிள் என்று, திடீரென்று சக்தி கிடைத்த பையன்களைப் பற்றி அருமையான ஒரு சின்னப் படம் எடுத்தார். அதைப் பார்த்து ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற பெரிய சூப்பர் ஹீரோ படத்தைக் கொடுத்தார்கள். 2015இல் வந்து படுத்தே விட்டது, வெளிவரும் நேரத்தில் அவரே ட்விட்டரில் இது என் படம் இல்லை என்கிற மாதிரி எழுதி அப்புறம் அழித்துவிட்டார். ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு தயாரிப்பாளருக்குக் கை நடுங்கக் கூடாது, அது தனிப் பிரச்சினை.

தமிழில் என்னிடம் பெயர் கேட்டால் மடோன் அஸ்வின் என்பேன். மண்டேலாவில் ஒரே ஒரு ஓட்டுக்காக இரண்டு கட்சியும் ஒரு முடிதிருத்துகிறவரைத் தாங்குவதை எடுத்தவர், மாவீரனில் பெயர்ந்து விழும் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் ஹீரோவைக் கொண்டுபோய் வைத்தார். அங்கே சுவரே வில்லன், அதனால் ஹீரோ வந்தே ஆக வேண்டியிருந்தது. மிஷ்கின் எனக்குப் பிடித்த இயக்குநர், ஆனாலும் 2012இல் அவர் எடுத்த சூப்பர் ஹீரோ படமான முகமூடியில் குங்ஃபூ இருந்த அளவுக்கு ஊர் இல்லை.

சரி, உங்கள் அக்கா மகன். சென்னையா கொச்சியா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்குப் போகச் சொல்லுங்கள். தமிழ்நாட்டு பஸ்ஸும் கேரள பஸ்ஸும் நிற்கிற இடத்தில் ஒரு சுமட்டுக்காரனுக்கு நேற்று ராத்திரி சக்தி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளட்டும். இன்றைக்குக் காலையில் ரேஷன் அரிசி ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டப் பார்க்கிற வேன் அவன் முன்னால் வருகிறது. நிறுத்துவானா? டிரைவர் அவன் பெரியம்மா மகனாக இருந்தால்? நிறுத்தினால் சாயங்காலம் வீட்டில் அம்மா என்ன சொல்வாள், மீன் சந்தையில் அவனுக்கு என்ன பட்டப்பெயர் வைப்பார்கள், அந்தப் பெயரைத் தமிழில் வைப்பார்களா மலையாளத்திலா? இதைப் பத்து நிமிஷம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், செல்போனில் எடுத்தாலும் போதும். அவன் பறக்க வேண்டாம். வேனைத் தூக்கவும் வேண்டாம்.