எண்ணிக்கையை ஏற்றிவிட்டால் மட்டும் பக்கம் நம்முடையதாகிவிடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு பிளாக் டிரைவர் (வட்டு போன்ற சேமிப்புச் சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் ஒரு சிறிய கேஷ். நினைவகப் பக்கங்களின் பாயின்டர்கள் ஓர் எக்ஸ்அரேயில், அதாவது எண்ணைக் கொடுத்தால் பாயின்டரைத் தரும் கெர்னல் அட்டவணையில், இருக்கின்றன. வாசிக்கும் த்ரெட் ஆர்சியு_ரீட்_லாக் போட்டு, எக்ஸ்ஏ_லோடால் பாயின்டரை எடுத்து, பக்கத்தின் பயன்பாட்டு எண்ணிக்கையை (ரெஃப்கவுன்ட்) ஒன்று ஏற்றும் கெட்_பேஜை அழைக்கிறது. ஆர்சியு என்பது, ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் முடிக்கும் அவகாசம்வரை பழையதை விடுவிக்காமல் வைத்திருக்கும் முறை. நினைவகம் குறையும்போது இன்னொரு த்ரெட் எக்ஸ்ஏ_இரேஸால் பாயின்டரை அட்டவணையிலிருந்து அழித்து, எண்ணிக்கையை ஒன்று இறக்கும் புட்_பேஜை அழைக்கிறது. சுமை ஏறியபோது லாகில் ‘பேட் பேஜ் ஸ்டேட்’ வந்தது. ரெஃப்கவுன்ட் பூஜ்யமாக இல்லை என்று காரணம் போட்டிருந்தது. கெட்_பேஜைச் சுற்றி ஸ்பின்லாக் (சுழன்றபடி காத்திருக்கும் பூட்டு) போட்டுப் பார்த்தேன், பலனில்லை. பிறகு கெட்_பேஜ்_அன்லெஸ்_ஸீரோ என்று மாற்றினேன். அந்தச் செய்தி நின்றது. ஆனால் இப்போது எப்போதாவது வேறு எதற்கோ சொந்தமான தரவு வாசிப்பில் வந்துவிடுகிறது. தவறான நினைவக அணுகலைப் பிடிக்கும் கேஏசானும், த்ரெட்கள் ஒரே தரவில் மோதுவதைப் பிடிக்கும் கேசிசானும் மௌனமாக இருக்கின்றன. ஆர்சியுவுக்குள்தானே இருக்கிறேன், எங்கே தவறு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலேயே பிழையின் வேர் இருக்கிறது. நீங்கள் எடுக்கும் ஆர்சியு பூட்டு எக்ஸ்அரேயின் உள்கணுக்களைத்தான் காக்கிறது, பக்கங்களைக் காப்பதில்லை. புட்_பேஜ் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிய அந்தக் கணமே பக்கம், பக்கங்களை ஒதுக்கித்தரும் அலொகேட்டரிடம் போய்விடுகிறது. எந்த ஆர்சியு அவகாசத்துக்கும் அது காத்திருக்காது. பக்கத்தை விவரிக்கும் ஸ்ட்ரக்ட் பேஜ் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் பழைய பாயின்டரை வைத்துக்கொண்டு எண்ணிக்கையைத் தொடுவது ஆபத்தில்லை. ஆனால் அது இப்போது யாருடைய பக்கத்தின் எண்ணிக்கை என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

முதலில் பழைய பிழை. வாசிப்பவர் பாயின்டரை எடுத்துவிட்டார், எண்ணிக்கையை இன்னும் ஏற்றவில்லை. அந்த இடைவெளியில் நீக்குபவர் அட்டவணையிலிருந்து அழித்து, எண்ணிக்கையை ஒன்றிலிருந்து பூஜ்யமாக்கி, பக்கத்தை விடுவித்துவிடுகிறார். இப்போது கெட்_பேஜ் பூஜ்யத்தை ஒன்றாக்குகிறது. ஒதுக்கீட்டு நேரச் சோதனைகள் இயக்கத்தில் இருந்தால் அடுத்து அந்தப் பக்கத்தை எடுக்கும்போது நீங்கள் கண்ட செய்தி வரும். இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். புதிதாக ஒதுக்கும்போது கெர்னல் எண்ணிக்கையை ஒன்று என்று நேரடியாக எழுதிவிடும். உங்கள் வாசிப்பவர் ஏற்றியது அதில் அழிந்துபோகும். பிறகு அவர் புட்_பேஜ் அழைக்கும்போது இறங்குவது புதிய உரிமையாளரின் எண்ணிக்கை. அவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே அவருடைய பக்கம் விடுவிக்கப்பட்டுவிடும்.

கெட்_பேஜைச் சுற்றி மட்டும் போட்ட ஸ்பின்லாக்கால் ஏன் பயனில்லை என்பது இதிலிருந்தே தெரியும். தேடுவதற்கும் ஏற்றுவதற்கும் நடுவில்தான் இடைவெளி. பூட்டு அதற்குப் பிறகு வருகிறது. ஏற்றும் செயல் ஏற்கெனவே நடுவில் யாரும் குறுக்கிட முடியாத அணுச்செயல்தான், அதற்குத் தனியாகப் பூட்டு தேவையே இல்லை.

இப்போதைய பிழை இதைவிட நுட்பமானது. கெட்_பேஜ்_அன்லெஸ்_ஸீரோ பூஜ்யமாக இருக்கும் பக்கத்தைத் தொட மறுக்கும். ஆனால் அதே இடைவெளியில் பக்கம் விடுவிக்கப்பட்டு, மூன்றாவது ஒருவரால் ஒதுக்கப்பட்டு, எண்ணிக்கை மறுபடி ஒன்றாகிவிட்டிருந்தால்? ஒன்று இரண்டாகும், அழைப்பு வெற்றி என்று திரும்பும். உங்கள் கையில் இருப்பது மூன்றாமவரின் பக்கம். கேஏசானின் பார்வையில் அது முறையாக ஒதுக்கப்பட்ட நினைவகம், குறை சொல்ல ஏதுமில்லை. எண்ணிக்கையைத் தொடுகிறவை எல்லாம் அணுச்செயல்கள் என்பதால் கேசிசானுக்கும் புகார் இல்லை. இந்த வகைப் பிழையில் அவற்றின் மௌனத்தை நல்ல சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

திருத்தம் ஒரு படிதான்: எண்ணிக்கையை ஏற்றிய பிறகு அட்டவணையை மறுபடி பாருங்கள். அதே ஆர்சியு பகுதிக்குள் எக்ஸ்ஏ_லோட் செய்து (எக்ஸ்ஏ_ஸ்டேட் பயன்படுத்தினால் எக்ஸ்ஏஎஸ்_ரீலோட் மலிவு), அதே பாயின்டர் அங்கே இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இருந்தால் பக்கம் உங்களுடையது. இனி யார் நீக்கினாலும் நீங்கள் பிடித்திருக்கும் எண்ணிக்கை அதைக் காக்கும். இல்லாவிட்டால் புட்_பேஜ் செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். இந்தப் புட்_பேஜை மறப்பது மிக எளிது. மறந்தால் ஒவ்வொரு மறுமுயற்சியும் ஒரு பக்கத்தைக் கசியவிடும். இடையில் பக்கம் போய்விட்டு அதே இடத்துக்கே திரும்பி வந்திருந்தால் என்ன செய்வது என்று கவலைப்பட வேண்டாம். நீங்கள் கேட்டது அட்டவணையில் இந்த இடத்தில் இப்போது இருக்கும் பக்கத்தை. அது இதுதான்.

வரிசை முக்கியம். கெட்_பேஜ்_அன்லெஸ்_ஸீரோ வெற்றி பெற்றால் அது முழு நினைவகத் தடுப்பாகவும் வேலை செய்யும். இரண்டாவது வாசிப்பு அதைத் தாண்டி முன்னால் போகாது. யாராவது வேகத்துக்காக இதைத் தளர்வான (வரிசையைக் காக்காத) அணுச்செயலாகக் கையால் எழுதினால் எக்ஸ்86 செயலியில் ஓடும், ஆர்ம்64 செயலியில் உடையும்.

கோப்புகளின் பக்கங்களை நினைவகத்தில் வைத்திருக்கும் கெர்னலின் சொந்தப் பேஜ் கேஷும் இதையேதான் செய்கிறது. நிக் பிகின் எழுதிய பூட்டில்லாத பேஜ் கேஷ் 2008-இல் 2.6.27 பதிப்பில் வந்தது. தேடு, பூஜ்யமில்லாவிட்டால் ஏற்று, மறுபடி சரிபார் என்ற மூன்று படிகள்தான் அதன் உயிர். பயனர் பக்கங்களை வேகமாகப் பிடிக்கும் ஜியுபி-ஃபாஸ்டும் எண்ணிக்கையை ஏற்றிய பின் பக்க அட்டவணைப் பதிவை மறுபடி படித்து, மாறியிருந்தால் கைவிடுகிறது.

இத்தனையும் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். கேஷைத் தேடுவது அடிக்கடி நடக்கும் வேலை இல்லையென்றால், எக்ஸ்அரேயின் சொந்தப் பூட்டான எக்ஸ்ஏ_லாக்குக்குள்ளேயே தேடி அதற்குள்ளேயே கெட்_பேஜ் செய்யுங்கள். நீக்குபவரும் அதே பூட்டுக்குள் அழித்துவிட்டு, பிறகு புட்_பேஜ் செய்யட்டும். முடிந்தது. அளந்து பார்த்து இந்தப் பூட்டுதான் தடை என்று தெரியும்வரை நான் இதையே பரிந்துரைப்பேன். இன்னொரு வழி, அட்டவணையின் புட்_பேஜைக் கால்_ஆர்சியு மூலம் தள்ளிப்போடுவது. அப்போது ஆர்சியுவுக்குள் வெறும் கெட்_பேஜே போதும். ஆனால் நீங்கள் நீக்குவது நினைவகம் குறையும்போது. அந்த நேரத்தில் விடுவித்த பக்கங்கள் உடனே கைக்கு வராமல் அவகாசம் முடியும்வரை தொங்குவது நல்லதல்ல.

நீக்கும் பகுதியிலும் ஒரு குழி இருக்கிறது. கடிதத்தில் எழுதாவிட்டாலும் உங்கள் நிரலில் அது இருக்கக்கூடும். ‘எண்ணிக்கை ஒன்றுதானே, யாரும் பயன்படுத்தவில்லை’ என்று பேஜ்_கவுன்ட்டைப் பார்த்துவிட்டு அழித்தால், பார்த்ததற்கும் அழித்ததற்கும் நடுவில் ஒருவர் பிடித்துவிடலாம். அதற்குத்தான் பேஜ்_ரெஃப்_ஃப்ரீஸ். எதிர்பார்த்த எண்ணிக்கை இருந்தால் மட்டும் அதை ஒரே அணுச்செயலில் பூஜ்யமாக்கும். அதன்பின் புதிதாக யாராலும் ஏற்ற முடியாது. அட்டவணையின் பிடி மட்டும் இருந்தால் எதிர்பார்ப்பு 1. நீக்குபவரும் தனியாக ஒன்று பிடித்திருந்தால் 2. எக்ஸ்ஏ_லாக்கைப் பிடித்து, உறையவைத்து, பக்கம் அழுக்காகியிருக்கிறதா (இன்னும் வட்டுக்குப் போகாத மாற்றம் இருக்கிறதா) என்று அப்புறம்தான் பார்க்க வேண்டும். முதலில் அழுக்கைப் பார்த்துவிட்டுப் பிறகு உறையவைத்தால், அந்த நடுவில் ஒருவர் எழுதி, அழுக்குக்குறி வைத்து, தன் பிடியையும் விட்டிருக்கலாம். எண்ணிக்கை சரியாக இருக்கும், எழுதியது மட்டும் தொலைந்துபோகும். அழுக்காக இருந்தால் உறைநிலையை நீக்கி விட்டுவிடுங்கள். சுத்தமாக இருந்தால் அட்டவணையிலிருந்து அழித்து, பேஜ்_ரெஃப்_அன்ஃப்ரீஸால் எண்ணிக்கையை மீட்டு, பூட்டை விட்டபின் புட்_பேஜ் செய்யுங்கள். உறைந்திருக்கும் நேரம் முழுவதும் வாசிப்பவர்கள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஆகவே அந்தப் பகுதி ஸ்பின்லாக்குக்குள்ளேயே தொடங்கி முடியட்டும்.

இந்த முறையில் ஒரு கணமாவது அடுத்தவர் பக்கத்தின் எண்ணிக்கையை ஏற்றிவிடுகிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. கடைசிப் பிடியை விடுபவர் உரிமையாளராக இல்லாமல் வழிப்போக்கராகவும் இருக்கலாம். காம்பவுண்ட் அல்லாத (ஒரே அலகாகப் பிணைக்கப்படாத) பல பக்கத் தொகுதியின் முதல் பக்கத்தை இப்படி ஒருவர் தற்காலிகமாகப் பிடித்திருக்கும்போது உரிமையாளர் தொகுதியை விடுவித்தால், வழிப்போக்கரின் புட்_பேஜ் முதல் பக்கத்தை மட்டும் விடுவிக்கும், மீதி கசிந்துவிடும். கெர்னலில் இருந்த இந்தக் கசிவு 2020-இல்தான் சரிசெய்யப்பட்டது.

இனி சோதனை. முதல் எக்ஸ்ஏ_லோடுக்கும் எண்ணிக்கையை ஏற்றுவதற்கும் நடுவில் யுடிலே வைத்து 50 மைக்ரோவினாடி காத்திருக்கச் செய்யுங்கள். தூங்கவைக்கும் அழைப்பு எதுவும் அங்கே கூடாது, அது ஆர்சியு பகுதி. ஒவ்வொரு கேஷ் பக்கத்தின் முதல் 8 பைட்டில் அதன் அட்டவணை எண்ணை எழுதுங்கள், வாசிப்பவர் ஒப்பிடட்டும். மூன்றாவதாக ஒரு த்ரெட் ஒற்றைப் பக்கங்களை ஒதுக்கி, வேறு ஒரு வடிவத்தால் நிரப்பி, விடுவித்துக்கொண்டே இருக்கட்டும். அதை நீக்கும் த்ரெட் ஓடும் அதே சிபியுவில் கட்டிவையுங்கள். விடுவித்த பக்கம் முதலில் அந்த சிபியுவின் சொந்தப் பட்டியலுக்குத்தான் போகிறது, பெரும்பாலும் அடுத்த ஒதுக்கீட்டில் அதுவே திரும்பி வரும். வேறு சிபியுவில் ஓடவிட்டால் நாள் கணக்கில் காத்திருந்தும் பிழை தலைகாட்டாமல் போகலாம். வாசிப்பவர்களை வேறு சிபியுக்களில் வையுங்கள்.

கெர்னலைக் கட்டும்போது கான்ஃபிக்_டீபக்_விஎம் தேர்வை இயக்கியிருந்தால், பூஜ்யத்திலிருந்து ஏற்ற முயலும் கெட்_பேஜ் அந்த இடத்திலேயே பிடிபடும். பேஜ்_ஓனரை இயக்கினால் அந்தப் பக்கத்தை யார் ஒதுக்கினார், யார் விடுவித்தார் என்று கால் ஸ்டேக்கோடு கிடைக்கும். கான்ஃபிக்_டீபக்_பேஜ்_ரெஃப் எண்ணிக்கையின் ஒவ்வொரு மாற்றத்தையும் ட்ரேஸில் காட்டும். வேகத்தை மாற்றிவிடும் என்பதால் அதைக் கடைசியாக வையுங்கள்.

மறுமுயற்சிகளுக்கு இரண்டு எண்ணிகள் வையுங்கள்: பூஜ்யத்தைக் கண்டு திரும்பியவை ஒன்றில், மறுபடி பார்த்தபோது பாயின்டர் மாறியிருந்தவை இன்னொன்றில். இரண்டாவது எண்ணி பூஜ்யத்திலேயே நின்றால் அந்த இடைவெளி திறக்கவே இல்லை, சோதனை எதையும் காட்டவில்லை. யுடிலேயைக் கூட்டிப் பாருங்கள். அந்த எண்ணி ஏறிக்கொண்டே போகும்போதும் 8 பைட் ஒப்பீடு ஒருமுறைகூடத் தவறவில்லை என்றால் யுடிலேயை எடுத்துவிடலாம்.