கொடை மேடையில் மைக் கூவுகிறதே?

கேள்வி: ஊர் இளைஞர்கள் ஏழு பேர் மெல்லிசைக் குழு நடத்துகிறோம். சித்திரை, வைகாசி கோயில் கொடைகளில் பாடும்போது மைக் 'கூய்' என்று கத்துகிறது. புல்லாங்குழலும் கிடாரும் சுதி சேர மாட்டேன் என்கின்றன. என்ன செய்வது?

பதில்: முதலில் ஸ்பீக்கர் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பாடுபவருக்குப் பின்னால் இருந்தால், அந்தச் சத்தமே மைக்குக்குள் நுழைந்து சுற்றிச் சுற்றிப் பெருகும். பெட்டிகளை மைக் வரிசைக்கு மூன்றடியாவது முன்னால், கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். கார்டியாய்டு மைக் (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்கும் வகை) என்றால் மானிட்டர், அதாவது பாடுபவர் தன் குரலைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர், அதன் வால்பக்கம் நேராக இருக்கட்டும். அங்கேதான் அதற்குக் காது மந்தம். மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கவே கூடாது. பொத்தினால் அந்த மந்தம் போய், எல்லாப் பக்கச் சத்தத்தையும் வாங்கும். பாடாதவர் மைக்கை மிக்ஸரில் இறக்கிவிடுங்கள்.

சுதிக்குக் காரணம் வெயில். கம்பி சூடானால் நீண்டு, கிடார் சுதி இறங்கும். குழலுக்குள் காற்று சூடானால் சுதி ஏறும். பத்து டிகிரிக்கு அரை ஸ்வரத்தில் கால் பங்கு வரைகூடப் போகும். மூங்கிலை நீட்ட முடியாது. ஆகவே குழலை ஐந்து நிமிடம் ஊதிச் சூடாக்கிவிட்டு, கிடாரை அதற்குச் சேருங்கள். கீபோர்டில் டியூனிங் 440 (சுதி அளவு, ஹெர்ட்ஸில்) என்றிருப்பதை 441, 442 என்று ஒவ்வொன்றாக ஏற்றி, குழலோடு சேர்கிறதா என்று காதால் கேட்டு நிறுத்துங்கள். கிடாரை மேடை விளக்குக்கு அடியில் சாய்த்து வைக்காதீர்கள்.

சீரியல் செட் ஓடும் லைனில் கீபோர்டை மாட்டாதீர்கள், தனி லைன் கேளுங்கள். இரைச்சல் வருகிறதென்று எர்த் கம்பியை மட்டும் கழற்றிவிடாதீர்கள்; உயிருக்கே ஆபத்து.