சோதனைப் பின் (pin) தேயவில்லை என்றால் டிஸ்க்கைப் பாருங்கள்

கேள்வி: தேய்மானச் சோதனை: சுழலும் எஃகு டிஸ்க்மேல் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) இழை சேர்த்த அலுமினியப் பின்னை, அதாவது சிறு தண்டை, அழுத்தி ஓட்டினோம், எண்ணெய் இல்லை. சாதா அலுமினியத்தைவிடத் தேய்மானம் பாதிதான். நல்ல பொருள்தானே?

பதில்: டிஸ்க்கை எடை போட்டீர்களா? அலுமினா எஃகைவிடக் கடினம். பின்னின் முகத்தில் துருத்தும் இழைமுனைகள் டிஸ்க்கைச் சுரண்டும். அந்த இரும்புத்தூள் ஆக்சைடாகி, அலுமினியத்தோடு பிசைந்து பின்மேலேயே அப்பிக்கொள்ளும். ஓட்டம் முடிந்ததும், கழுவும் முன், பின்னை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளிப் பளபளப்புக்கு நடுவே கரும்பழுப்புத் திட்டு தெரிகிறதா? பின்னைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு அதற்குத்தான். லோடு ஏறினால் அது பெயரும், இழை ஒடியும். ஒடிந்த துண்டுகள் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் அறுக்கும். தூளுக்குப் பதில் உலோகச் செதில் விழ ஆரம்பித்தால் கடுந்தேய்மானம் வந்துவிட்டது.

கேள்வி: எடை இழப்பை எப்படிக் கணக்கில் எழுதுவது?

பதில்: கன அளவாக மாற்றி எழுதுங்கள். அடர்த்தி 2.82 கிராம்/கன செ.மீ., இழப்பு 2.82 மி.கிராம் என்றால் 1 கன மி.மீ. 20 நியூட்டன் லோடில் 1000 மீட்டர் ஓடியிருந்தால் 1-ஐ 20,000-ஆல் வகுங்கள்: 0.00005 கன மி.மீ./நியூட்டன்-மீட்டர்.

கேள்வி: கார்பன் இழை?

பதில்: டிஸ்க்குக்கு இதம். கிராஃபைட் படலம் உராய்வைக் குறைக்கும். ஆனால் உருகிய அலுமினியத்தோடு வினைபுரிந்து கார்பைடு உண்டாகலாம். அது ஈரம் பட்டால் சிதையும்.

கேள்வி: எத்தனை சதவீத இழை போடலாம்?

பதில்: எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது. இழைக்கும் அலுமினியத்துக்கும் பிணைப்பு மோசமென்றால் கூடுதல் இழை கூடுதல் குப்பை.

கேள்வி: கடினம் கூடினால் தேய்மானம் குறையும் என்று, தேய்மானச் சமன்பாடு தந்த ஆர்ச்சர்ட் 1953-லேயே சொல்லிவிட்டாரே. நீங்கள் ஏன் சுற்றிவளைக்கிறீர்கள்?

பதில்: அந்தச் சமன்பாட்டில் K என்று ஒரு தேய்மானக் கெழு உட்கார்ந்திருக்கிறது, பார்த்தீர்களா? நான் மேலே சொன்ன திட்டும் ஒடியும் இழையும் அதற்குள்தான்.

கேள்வி: அப்போ சமன்பாடே தப்பா?

பதில்: தப்பென்று யார் சொன்னது? லோடைப் படிப்படியாக ஏற்றி, லோடுக்கு எதிரே தேய்மானத்தை வரைபடம் போடுங்கள். கோடு நேராகப் போகும்வரை K நிலையானது, ஆர்ச்சர்ட் உங்கள் பக்கம். கோடு மடங்கும் இடத்தில் தேயும் விதமே மாறிவிட்டது. அதற்கப்புறம் கடின எண்ணை நீட்டிப் பயனில்லை.

கேள்வி: 1980களில் டொயோட்டா டீசல் பிஸ்டனில் அலுமினா இழை போட்டார்களே?

பதில்: வளையப் பள்ளத்தில் போட்டார்கள். அங்கே எண்ணெய் உண்டு. இங்கே பேசுவது உலர் உராய்வு.

கேள்வி: எத்தனை சதவீதம் நல்லது?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: ஓட்டத்துக்கு அப்புறம் பின் எடை கூடியிருக்கிறது. தராசு பழுதா?

பதில்: இருக்கலாம். அதற்கு முன், டிஸ்க்கிலிருந்து இரும்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கை எடை போட்டீர்களா?

கேள்வி: டிஸ்க் பெரிது, எங்கள் தராசு தாங்காது.

பதில்: சரி. பின் தேய்த்த தடத்துக்குக் குறுக்கே நாலு இடத்தில் புரொஃபைலோமீட்டர் (மேற்பரப்பின் மேடுபள்ளத்தை அளக்கும் கருவி) ஓட்டுங்கள். பள்ளத்தின் சராசரிக் குறுக்குப் பரப்பைத் தடத்தின் சுற்றளவால் பெருக்கினால் டிஸ்க் இழந்தது வந்துவிடும்.